குறைந்த விலை, நிறைந்த திறன்: கண்டெடுக்கப்பட்ட இளைஞர்களின் வரலாறு

உத்திரமேரூர் என்றதும் நெஞ்சில் எழுவது குடவோலை. ராஜகுளத்திலிருந்து எழுதும் நமக்கும் அப்படியே. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழரின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. பள்ளிப் பாடநூல் தொடங்கி மேடைப்பேச்சு வரை அவற்றைத் தேர்தலின் சான்றாகவே பேசி வருகிறோம். பிழையில்லை. ஆயினும் குடத்தில் ஓலை விழுவதற்கு முன்னரே ஒரு பட்டியல் உருவாகிவிடுகிறது. எவர் பெயரை எழுதலாம், எவர் பெயரை எழுதலாகாது என்ற பட்டியல் அது. இக்கட்டுரை அத்தகைய பட்டியல்களைப் பற்றியது.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, பெயர் எழுதப்பெற வேண்டியவருக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். மறைநூற் பயிற்சியும் வேண்டும். இதனையடுத்து ஒரு சலுகை வருகிறது. ஒருவருக்கு அரைக்கால் வேலி நிலமே இருப்பினும், அவர் ஒரு வேதத்தையும் பாஷ்யங்களுள் ஒன்றையும் கற்று விளக்க வல்லவராயின் அவர் பெயரையும் குடத்தில் இடலாம். நிலத்தில் பாதி குறைந்தவரைக் கல்வியின் நிறைவு கருதி ஏற்றுக்கொண்ட விதி இது. நிலம் எவர் கண்ணுக்கும் தெரியும். கல்வியை உசாவித்தான் அறிய இயலும். உசாவி அறிந்தால் குறைந்த நிலத்திலும் நிறைந்த ஆளைப் பெறலாம் என்பதை அச்சபையோர் உணர்ந்திருந்தனர்.

இப்பழஞ்சான்றை மனத்தில் இருத்திக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்த ஒரு கணினி விளையாட்டுக்குள் நுழைவோம். கல்வெட்டுக்கும் கணினி விளையாட்டுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கலாம். திறனுடையாரைத் தேடி எழுதிவைத்த பட்டியல் என்ற வகையில் இரண்டும் ஒரு குலமே.

உறங்கும் அறையில் பிறந்த ஆட்டம்

பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் வீட்டில் அமர்ந்து எழுதிய நிரல், 1992ஆம் ஆண்டு 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் வெளிவந்தது. பந்தை உதைக்கும் விளையாட்டன்று இது. ஆடுபவர் ஒரு கால்பந்துக் கழகத்தின் மேலாளராகி, ஆட்டக்காரரை வாங்குவார், விற்பார், பயிற்றுவார், களத்தில் நிறுத்துவார். ஆட்டம் எவ்வாறு நடந்தது என்பதைத் திரையில் ஓடும் எழுத்துவரிகள் சொல்லும். முதற்பதிப்பில் ஆட்டக்காரர் பெயர்களெல்லாம் புனைந்தவை. அடுத்து வந்த பதிப்பிலேயே மெய்யான பெயர்கள் இடம்பெற்றன. அன்றிலிருந்து இவ்விளையாட்டு உலகக் கால்பந்தின் குடிமதிப்பேடாக வளரத் தொடங்கிற்று.

இவ்வரிசையில் பெரும்புகழ் பெற்றது 2001ஆம் ஆண்டு வெளிவந்த 01/02 பதிப்பு. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் லீக்குகள், பல்லாயிரம் ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஓட்டம், உதை, தலையால் முட்டல், மனவுறுதி எனப் பல கூறுகளில் ஒன்று முதல் இருபது வரை மதிப்பெண்கள். இவை திரையில் தெரிபவை. தெரியாதவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று அவருடைய இன்றைய ஆற்றல். மற்றொன்று அவர் எய்தக்கூடிய உச்ச ஆற்றல். இரண்டும் இருநூறை மேலெல்லையாகக் கொண்ட எண்கள். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் இன்றைய எண் எண்பதாக இருக்கலாம்; உச்ச எண் நூற்றெண்பதாக இருக்கலாம். அந்த இடைவெளியைக் கண்டுகொள்வதே இவ்விளையாட்டின் உயிர்நிலை.

சில இளையோருக்கு உச்ச எண்ணாக எதிர்க்குறியுடைய ஓர் எண் இடப்பட்டிருந்தது. அவ்வாறு இட்டால், ஒவ்வொரு முறை புதிதாக ஆட்டம் தொடங்கும்போதும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அவருடைய உச்சம் மாறி அமையும். அதே சிறுவன் ஓர் ஆட்டத்தில் உலகப்புகழ் பெறுவான். மற்றோர் ஆட்டத்தில் நடுத்தரமாக நின்றுவிடுவான். ஊழ் என்னும் கருத்தை நிரலாளர்கள் எண்ணாக்கி வைத்தனர் எனலாம்.

புகழுக்கு விலை, திறனுக்கு அன்று

மலிவு விலையில் இளம் திறனாளரைப் பெறுவது எவ்வாறு இயன்றது? இதற்கான விடை விலை அமையும் முறையில் உள்ளது. ஆட்டக்காரரின் விலையை முடிவு செய்பவற்றுள் அவருடைய பெயர்ப்புகழ் முதன்மையானது. புகழுக்கும் அவ்விளையாட்டில் தனியே ஓர் எண் உண்டு. பெருங்கழகத்தில் ஆடி, நாட்டணியில் இடம்பெற்று, செய்தித்தாளில் பெயர் வந்தவருக்கு விலை ஏறும். ஸ்வீடனின் சிறு நகரொன்றில் ஆடும் பதினெட்டு வயதினருக்கு, உள்ளே மறைந்த எண் எத்துணை உயர்ந்ததாயினும், விலை இராது. அவ்விலைக் குறைவின் பெயர் அறியாமை. பிறர் அறியாததை அறிந்தவர் குறைந்த பொருளில் நிறைந்த திறனைப் பெற்றார்.

இதற்கு ஆடுவோர் கையாண்ட வழிகள் சில. இருபத்தொரு வயதுக்குட்பட்டோரை மட்டும் வடிகட்டி, விலை குறைந்தோரைத் தேடுவது ஒன்று. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருப்போரைப் பார்ப்பது மற்றொன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக் கழகம் பிடித்துவைக்க இயலாது என்று நிறுவியது. அத்தீர்ப்பு விளையாட்டுக்குள்ளும் வந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டு இளைஞர் ஒருவருடன் பேசி முடித்துவிட்டால், மாற்றுத்தொகையே இன்றி அவரைப் பெறலாம்.

மூன்றாவது வழி ஒற்றர். ஆட்டக்காரரைப் பார்த்துவரக் கழகம் அனுப்பும் ஸ்கவுட் என்பாரை நாம் ஒற்றர் என்றே அழைப்போம். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என ஆளைத் தேர்வதற்கு இரண்டு அதிகாரங்கள் வகுத்து, ஒற்றாடலுக்குத் தனியே ஓர் அதிகாரம் தந்தார். ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு ஒப்பிட்டறிய வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் அறிவுரைகளுள் ஒன்று. அதனை மறந்தால் நேர்வது யாது என்பதற்கும் இவ்விளையாட்டின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

இல்லாத ஒருவர்

பல்லாயிரம் பேருக்கு மதிப்பெண் இட்டவர் யாவர்? கோலியர் உடன்பிறந்தாரோ அவர்தம் நிறுவனத்தின் சிறு குழுவோ உலகத்துக் கழகங்களையெல்லாம் பார்த்திருக்க இயலாது. ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்தக் கழகத்தை நேசித்த உள்ளூர் ஆர்வலர்கள் இப்பணியைச் செய்தனர். மழையிலும் குளிரிலும் இளையோர் ஆட்டங்களுக்குச் சென்று, நின்று பார்த்து, மதிப்பிட்டு அனுப்பினர். இன்று அத்தகையோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உளர். பட்டியலின் வலிமையும் அவர்கள். பட்டியலின் பலவீனமும் அவர்களே.

01/02 பதிப்பில் போர்ச்சுகலின் கௌவேயா என்னும் சிறிய கழகத்தில் டோ மதைரா என்றொரு முன்கள ஆட்டக்காரர் இருந்தார். விலை மிகக் குறைவு. கோல்களோ மழையெனப் பொழிந்தன. உலகெங்கும் ஆடுவோர் அவரைத் தேடி வாங்கினர். உண்மையில் அப்படி ஓர் ஆட்டக்காரர் இல்லை. போர்ச்சுகல் தகவல்களைத் திரட்டியவர்களுள் ஒருவர் தம்மையே ஆட்டக்காரராக்கிப் பட்டியலில் சேர்த்துவிட்டார். பின்னர் வந்த திருத்தப்பதிப்பில் அப்பெயர் நீக்கப்பட்டது. இரண்டாவது ஒற்றர் ஒருவர் கௌவேயாவுக்குச் சென்றிருந்தால் முதல் நாளே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

எண் பெற்றோர் வாழ்வு

டோ மதைராவின் கதை நகைப்புக்குரியது. மெய்யாகவே வாழ்ந்த இளைஞர்களின் கதை அத்தகையதன்று.

மில்வால் கழகத்தின் இளையோர் அணியில் ஆடிய செர்னோ சம்பா, காம்பியாவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். பள்ளி அணிக்காக 32 ஆட்டங்களில் 132 கோல்கள் அடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். லிவர்பூல் கழகம் அவரை வாங்க முன்வந்தபோது தொகை குறித்த உடன்பாடு எட்டப்படவில்லை. அந்த ஏமாற்றம் சிறுவனின் உள்ளத்தை முறித்தது. 01/02 விளையாட்டில் அவர் உலகின் தலைசிறந்த முன்கள வீரராக வளர்ந்தார். மெய்வாழ்வில் மில்வாலின் முதல் அணிக்குக்கூட ஆடாமல் வெளியேறினார். பல நாடுகளில் சிறு கழகங்களில் ஆடினார். காம்பியா நாட்டணிக்கும் ஆடினார். தாம் அனுபவித்த மனச்சோர்வைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

டோன்டோன் சோலா மொகோகோ கின்ஷாசாவில் பிறந்து, ஸ்வீடனில் வளர்ந்து, இங்கிலாந்தின் டெர்பி கவுண்டியில் சேர்ந்தவர். பெற்றோர் இல்லாத அவருக்குத் தந்தை நிலையில் இருந்த அண்ணன் இறந்தார். அத்துயரில் டெர்பியை விட்டு ஸ்வீடன் திரும்பினார். விளையாட்டில் அவரை வாங்கிக் கோப்பைகள் வென்ற பல்லாயிரம் பேருக்கு இது தெரியாது. அண்ணனை இழந்த துயருக்கு அப்பட்டியலில் எண் இல்லை.

மக்சிம் சிகால்கோவின் கதை இன்னும் கனமானது. பெலாரஸ் நாட்டின் டைனமோ மின்ஸ்க் கழகத்து முன்கள வீரர். 01/02 ஆடியவர்களுக்கு அவர் பெயர் ஒரு மந்திரச்சொல். மிகச் சிறிய தொகைக்குக் கிடைப்பார். ஒரே பருவத்தில் வியக்கத்தக்க எண்ணிக்கையில் கோல்கள் அடிப்பார். மெய்வாழ்விலோ காயங்கள் அவரைத் தொடர்ந்தன. இருபத்தாறு வயதில் ஆட்டத்தைக் கைவிட்டார். 2020 டிசம்பர் 25 அன்று, தம் 37ஆம் வயதில், காலமானார். தாம் கண்ணால் ஒருமுறையும் பாராத ஒருவருக்காக உலகின் பல மூலைகளில் மனிதர்கள் அன்று வருந்தினர். தம் இளமையின் வெற்றிகளை ஈட்டித்தந்தவர் என்ற உரிமையில் எழுந்த வருத்தம் அது.

பட்டியல் எங்கும் பிழைத்ததாகக் கருதிவிட வேண்டாம். அதே பதிப்பில் இளைஞராகத் திகழ்ந்த ஸ்வீடனின் கிம் ஷெல்ஸ்ட்ரோம், பின்னர் பிரான்சின் லியோன் கழகத்தில் ஆடி, தம் நாட்டுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கினார். மதிப்பீடுகள் நம்பத்தக்கவை என்பதை மெய்யான கழகங்களும் உணர்ந்தன. கோலியர் நிறுவனமாகிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், பழைய வெளியீட்டாளரைப் பிரிந்து 2004 முதல் 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் விளையாட்டை வெளியிட்டு வருகிறது. அதன் தகவல்தொகுப்பை ஆட்டக்காரர் தேடலுக்குப் பயன்படுத்த 2008இல் எவர்ட்டன் கழகம் உடன்பாடு செய்துகொண்டது. ஆர்வலர் நின்று பார்த்து எழுதிய குறிப்பு, கோடிகள் புரளும் சந்தையில் ஆவணமாயிற்று.

தமிழ்நாட்டுக் களம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 01/02 பதிப்பில் ஆடத்தக்க லீக்குகளுள் இந்திய லீக் இல்லை. பின்வந்த பதிப்புகளில்தான் அது இடம்பெற்றது. ஆனால் குறைந்த பொருளில் நிறைந்த அணி சேர்க்கும் அக்கலையை மெய்க்களத்தில் நிகழ்த்திக் காட்டிய கழகம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது.

சென்னை சிட்டி கழகம் 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. பின்னர் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டது. 2018-19 பருவத்துக்கு முன் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநரானார். பெரும்பெயர் பெற்ற அயல்நாட்டாரை அவர் நாடவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிவந்த, இந்தியாவில் எவரும் கேள்விப்படாத ஆட்டக்காரர்களைக் கொணர்ந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா ஆகியோர் அவர்கள். உடன் நின்றவர்கள் எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள்.

மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி வென்றால் பட்டம். தவறினால் ஈஸ்ட் பெங்கால் முந்திவிடும். கோவையில் மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்தது. மான்சி ஒன்றைத் திருப்பினார். அசாமிலிருந்து வந்த இளம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1. 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் ஒரு புள்ளியில் பின்தங்கியது. தமிழ்நாட்டுக் கழகமொன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதன்முறை.

அக்கழகத்தின் வழியாக வெளிச்சத்துக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்களையும் இங்குக் குறிக்க வேண்டும். குமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவ ஊர்களில் கடற்கரை மணலே கால்பந்துக் களம். அங்கிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, 2018இல் ஜாம்ஷெட்பூர் கழகத்துக்கும், பின் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் சென்றார். சென்னையின் நந்தகுமார் சேகர் அதே கழகத்தில் தொடங்கி, தில்லி, ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்காலை அடைந்தார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோலே, ஈஸ்ட் பெங்காலின் நெடுநாள் தோல்வித் தொடரை முடித்துவைத்தது. வடசென்னையின் வியாசர்பாடியில் 1997 முதல் சிறார்க்குக் கால்பந்து கற்பிக்கும் பணி நடைபெற்று வருகிறது. அப்பகுதியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2017-18இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னையின் அணியில் நடுக்களம் காத்தார்.

ஆயினும் கண்டெடுப்பது ஒன்று, காத்துக்கொள்வது வேறொன்று. பட்டம் வென்ற அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிற கழகங்களுக்குச் சென்றனர். சில ஆண்டுகளிலேயே சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்து மறைந்துவிட்டது. கோவையில் அந்த மார்ச் மாலை ஆர்ப்பரித்த சிறுவர்களுக்கு, தாம் சென்று சேரத்தக்க ஓர் அணி இல்லாமற் போயிற்று.

பட்டியலுக்கு வெளியே

மீண்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டை நோக்குவோம். 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயதெல்லை முப்பது முதல் அறுபது. இரண்டே ஆண்டுகளில் அது முப்பத்தைந்து முதல் எழுபதாக மாற்றப்பட்டது. தாம் வகுத்த அளவுகோலைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு அச்சபைக்கு இருந்தது. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவரை விலக்கியது. அரைக்கால் வேலிக்காரரின் கல்வியைக் கண்டுகொண்டது. இவையெல்லாம் போற்றத்தக்கன. அதே வேளை, அது பிராமணர்க்கு வழங்கப்பெற்ற சதுர்வேதிமங்கலத்தின் சபை. அவ்வூர் வயல்களில் உழுதவர், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர், ஊர்ப்பெண்டிர் எவர் பெயரும் ஓலையில் ஏறியதில்லை. அவர்களுள் எத்துணை ஆற்றலாளர் இருந்தனர் என்பதை எந்தக் கல்வெட்டைக் கொண்டும் அறிய இயலாது. எவரும் அவர்களைத் தேடவில்லை.

கணினி விளையாட்டின் பட்டியலும் அவ்வாறே. மின்ஸ்க் நகரில் நின்று பார்க்க ஒருவர் இருந்ததனால் சிகால்கோவின் பெயர் உலகெங்கும் சென்றது. அன்று தூத்தூர்க் கடற்கரையில் நின்று பார்த்து எழுத ஒருவர் இருந்திருந்தால், அங்கிருந்தும் ஒரு பெயர் சென்றிருக்கும். பட்டியலில் எத்துணை ஊர்கள் உள்ளன என்பது பார்க்கச் சென்ற கண்கள் எத்துணை என்பதைத்தான் காட்டுகிறது. திறன் எங்கெல்லாம் பிறந்தது என்பதை அது காட்டாது.

கற்பிக்கும் தொழிலில் உள்ள நாமும் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் எழுதுகிறோம். மதிப்பெண் வரிசை என்பது அதன் பெயர். நல்ல பள்ளியில் பயின்றவருக்கும் நாவன்மை உடையவருக்கும் அதில் விலை ஏறிவிடுகிறது. விடுமுறையில் நாற்று நடச் சென்று, வகுப்பின் கடைசி வரிசையில் பேசாது அமர்ந்திருப்பவரின் அரைக்கால் வேலி அதில் பதிவதில்லை. அவர் கற்றதை உசாவி அறிய நேரம் வேண்டும். அருகே செல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்து எழுதியபின், அந்த எண்ணுக்குப் பின்னால் அண்ணனை இழந்த ஒருவரோ முழங்கால் நொந்த ஒருவரோ இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தமுறை உத்திரமேரூர் செல்லும் வாசகர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டின் முன் நிற்கும்போது, குடத்தையும் ஓலையையும் கண்டு வியந்தபின், அந்த அரைக்கால் வேலி வரியையும் தேடிப் பாருங்கள். திரும்பும் வழியில், மாலை நேரத்தில் ஏதேனும் ஓர் ஊரின் ஏரிக்கரைத் திடலில் சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். சற்றே வண்டியை நிறுத்தி அதனையும் பார்த்துச் செல்லுங்கள்.